உறையினுள் உயிர்க்கலம்: ஒரு மருத்துவக் கருத்தின் வரலாறு பற்றிய சில குறிப்புகள்

விஞ்ஞான வரலாறு என்ற பெயரில் எமக்குக் கிடைக்கும் நூல்களிற் பெரும்பாலானவை கண்டுபிடிப்புகளின் வரிசையாகவே அமைந்துள்ளன. இன்னார் இன்ன ஆண்டில் இன்னதைக் கண்டார் என்பதோடு அத்தியாயம் முடிந்துவிடும். கண்டது ஏன் உடனே பயன்பாட்டுக்கு வரவில்லை, இடைப்பட்ட காலத்தில் காத்திருந்தோர் யாவர் என்ற வினாக்கள் அங்கு எழுப்பப்படுவதில்லை. இக்கட்டுரையில் நாம் எடுத்துக்கொள்வது அவ்வாறு நெடுங்காலம் காத்திருப்பில் வைக்கப்பட்ட ஒரு கருத்தின் வரலாறாகும். உயிருள்ள கலங்களை மெல்லிய உறையொன்றினுள் அடைத்து நோயாளியின் உடலில் வைத்தல் என்பதே அக்கருத்து. உறை ஒட்சிசனையும் உணவையும் உள்ளே விடும்; கலங்கள் சுரக்கும் பொருளை வெளியே விடும்; அந்நியக் கலங்களை அழிக்க வரும் நிர்ப்பீடனப் படையினை மட்டும் வெளியே நிறுத்திவிடும். கேட்போருக்கு மிக எளிதாகத் தோன்றும் இக்கருத்து 1960களின் நடுப்பகுதியில் தெளிவாக எழுதப்பட்டுவிட்டது. 1980இல் எலிகளில் அது செய்தும் காட்டப்பட்டது. எனினும் எந்த நோயாளரை முன்னிறுத்தி அது வளர்க்கப்பட்டதோ அந்த நீரிழிவு நோயாளரின் அன்றாடச் சிகிச்சையாக அது இன்றுவரை வந்து சேரவில்லை. இத்தாமதத்துக்குத் தொழில்நுட்பக் காரணங்கள் உள. அவற்றோடு, கருத்தின் உள்ளேயே இருந்த ஒரு பிழையும், ஆய்வுகூடத்துக்கு வெளியே இருந்த சமுதாயச் சக்திகளும் சேர்ந்து வினைபுரிந்தன என்பது எமது எண்ணம்.

முதலில் தேவை எவ்வாறு எழுந்ததென நோக்குவோம். 1869இல் பேர்லினில் மருத்துவ மாணவனாக இருந்த போல் லங்கர்கான்சு, சதையியின் இழையத்தினிடையே தீவுகள் போல் சிதறிக் கிடந்த கலக் கூட்டங்களைத் தமது ஆய்வேட்டில் விவரித்தார். அவற்றின் தொழில் யாதென அவர் அறியார். 1889இல் ஸ்ராஸ்பூர்க்கில் மிங்கோவ்ஸ்கியும் வொன் மேரிங்கும் நாயொன்றின் சதையியை அகற்றியபோது அதற்கு நீரிழிவு தோன்றியது. சதையியில் உள்ள ஏதோவொன்று குருதி வெல்லத்தை ஆளுகின்றது என்பது தெளிவாயிற்று. அதன்பின் நிகழ்ந்தது எமது வரலாற்றுக்கு மிக முக்கியமானது. 1893 டிசம்பரில் இங்கிலாந்தின் பிரிஸ்ரல் நகரில் வொட்சன் வில்லியம்ஸ் என்னும் மருத்துவர், நீரிழிவால் இறந்துகொண்டிருந்த 15 வயதுச் சிறுவனொருவனின் தோலின் கீழ், அப்போதுதான் கொல்லப்பட்ட ஆட்டின் சதையித் துண்டுகளை வைத்துத் தைத்தார். சிறுவன் மூன்று நாட்களில் இறந்தான். இன்சுலின் பிரித்தெடுக்கப்படுவதற்கு ஏறத்தாழ 30 ஆண்டுகளுக்கு முன்னரே, மருந்தைத் தருவதற்குப் பதிலாக மருந்தைச் செய்யும் இழையத்தையே தந்துவிடலாம் என்ற எண்ணம் உதித்துவிட்டது என்பதை இந்நிகழ்ச்சி காட்டுகின்றது.

1921, 1922ஆம் ஆண்டுகளில் றொறன்ரோவில் பன்ரிங், பெஸ்ற், கொலிப், மக்லியோட் ஆகியோர் இன்சுலினைப் பிரித்து மனிதருக்கு ஏற்றினர். காப்புரிமையைப் பன்ரிங்கும் பெஸ்றும் கொலிப்பும் ஆளுக்கு ஒரு டொலர் பெற்றுப் பல்கலைக்கழகத்துக்குக் கையளித்தனர். இன்சுலின் உயிரைக் காத்தது, நோயை நீக்கவில்லை. நாள்தோறும் ஊசி, உணவில் கணக்கு, கணக்குப் பிசகினால் மயக்கம், நீண்ட காலத்தில் கண்ணும் சிறுநீரகமும் கெடுதல் என்ற வாழ்க்கை நோயாளிக்கு எஞ்சியது. ஊசியால் ஏற்றப்படும் இன்சுலின் குருதியில் வெல்லம் எவ்வளவு என்று அறியாது. சிறுதீவின் கலமோ அறியும். கணந்தோறும் அளந்து அதற்கேற்பச் சுரக்கும். ஆகவே கலத்தையே கொடுக்க வேண்டும் என்ற பழைய எண்ணம் மறையாது நின்றது.

கொடுத்த கலம் ஏன் அழிகின்றது என்ற வினாவுக்கு விடை இரண்டாம் உலகப் போரின் தீக்காயங்களிலிருந்து வந்தது. கிளாஸ்கோவில் எரிகாயமுற்றோருக்குப் பிறர் தோலை ஒட்டியபோது, இரண்டாம் முறை ஒட்டிய தோல் முதன்முறையிலும் விரைவாக உதிர்ந்ததை கிப்சனும் பீற்றர் மெடாவரும் 1943இல் பதிவுசெய்தனர். உடல் அந்நியத்தை நினைவில் வைத்துத் தாக்குகின்றது என்பது இதன் பொருள். மெடாவரும் ஒஸ்திரேலியரான பேணற்றும் 1960இல் நோபல் பரிசைப் பகிர்ந்தனர். 'தான்', 'தானல்லாதது' என்ற இருமை நிர்ப்பீடனவியலின் மொழியாகவே மாறிற்று. மருத்துவர்கள் எல்லையையும் படையையும் காவலையும் பற்றிப் பேசத் தொடங்கிய காலமும் இதுவே. உலகப் போர் முடிந்து பனிப்போர் தொடங்கிய காலத்தில் இச்சொற்கள் இயல்பாகவே நாவில் வந்திருக்கும் என்பதை மனங்கொள்ள வேண்டும்.

தடுப்பொன்றை இடையில் வைத்தால் என்ன என்பதை அதற்கு முன்னரும் சிலர் சோதித்திருந்தனர். 1933இல் இத்தாலியரான பிஷெக்லியே, கட்டிக் கலங்களைப் பல்பகுதியச் சவ்வினுள் இட்டு வேறோர் இன விலங்கின் வயிற்றறையில் வைத்தார். கலங்கள் பிழைத்திருந்தன. அவர் அதை நோய் நீக்கும் வழியாக நோக்கவில்லை. 1954இல் ஐக்கிய அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தைச் சேர்ந்த கிளென் அல்கயரும் துணைவரும், நுண்துளைச் சவ்வாலான சிறு கூடொன்றினுள் அந்நியக் கலங்களை வைத்து எலிகளில் இட்டனர். விருந்தோம்பியின் கலங்கள் உள்ளே புகமுடியாதவாறு துளைகள் சிறிதாக இருந்தபோது ஒட்டிழையம் பிழைத்தது. அவை புக முடிந்தபோது அழிந்தது. ஒட்டிழையத்தை அழிப்பதற்குக் கலங்களின் நேரடித் தொடுகை வேண்டும் என்பது இதனாற் புலனாயிற்று. உறையிடல் என்னும் கருத்துக்கு இதனிலும் உறுதியான அத்திவாரம் வேண்டியதில்லை எனத் தோன்றியிருக்கும்.

மொன்றியலின் மக்கில் பல்கலைக்கழகத்தில் 1956, 1957ஆம் ஆண்டுகளில் தோமஸ் மிங் சுவி சாங் என்னும் சீன வமிசத்து மாணவர், தமது விடுதி அறையையே ஆய்வுகூடமாக்கி, வாசனைத் திரவியம் தெளிக்கும் குப்பியைக் கருவியாகக் கொண்டு, ஈமோகுளோபினைக் கொலோடியன் சவ்வினுள் அடைத்து நுண்ணிய உறைகளைச் செய்தார். செங்குருதிக் கலத்தைச் செயற்கையாகச் செய்வதே அவரது நோக்கம். 1964இல் 'சயன்ஸ்' சஞ்சிகையில் இவ்வுறைகளைப் பற்றி எழுதினார். அதையொட்டிய ஆண்டுகளில், ஓமோன் சுரக்கும் கலங்களை இவ்வாறு அடைத்தால் அவை நிர்ப்பீடனத் தாக்குதலினின்று காக்கப்பட்டு உடலுக்கு ஓமோனை வழங்கக்கூடும் என்றும் எடுத்துரைத்தார். பிற்காலத்து ஆராய்ச்சி முழுவதும் இவ்வொரு கூற்றின் விரிவுரை எனலாம். ஆனால் அவர் கையாண்ட சவ்வுகள் நைலோன், கொலோடியன் போன்றவை. அவற்றை ஆக்குவதற்குச் சேதனக் கரைப்பான்கள் வேண்டும். நொதியங்கள் அவற்றைத் தாங்கின, மென்மையான கலங்கள் தாங்கமாட்டா. 1970களில் சாங்கின் உறைகள் மருத்துவத்திற் பயன்பட்டன, ஆயின் கலத்துக்கன்று: நஞ்சுண்டோரின் குருதியைச் சுத்திகரிக்கும் மரக்கரித் துணிக்கைகளுக்கு உறையாயின. ஒரு கருத்து தனக்குரிய பொருளைக் கண்டடையாத வரையில் வேறு வேலைகளைச் செய்துகொண்டிருப்பது விஞ்ஞான வரலாற்றில் அரிதன்று.

அப்பொருள் கடலில் இருந்தது. அதன் வரலாற்றை நாம் சற்று விரிவாகவே நோக்க விரும்புகின்றோம். மருத்துவ நூல்கள் இதனை ஒரு வரியிற் கடந்துவிடுகின்றன.

ஸ்கொத்லாந்தின் மேற்குத் தீவுகளில் பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதி தொட்டு, பழுப்புக் கடற்பாசியைக் கரையிற் குவித்து எரித்துச் சாம்பலாக்கும் தொழில் பெருகிற்று. கண்ணாடிக்கும் சவர்க்காரத்துக்கும் வேண்டிய சோடா அச்சாம்பலிற் கிடைத்தது. ஒரு தொன் சாம்பலுக்கு ஏறத்தாழ 20 தொன் ஈரப் பாசி வேண்டும். குளிர்ந்த நீரில் நின்று அதை அறுத்துச் சுமந்தோர் நிலமற்ற குடியானவர். பாசி கிடந்த கரை நிலப்பிரபுவுக்குரியது. நெப்போலியனியப் போர்க்காலத்தில் ஸ்பானியச் சோடா தடைப்பட்டு விலை ஏறியபோது, ஏறிய விலையின் சிறுபங்கே உழைத்தோர் கைக்கு வந்தது. இக்குடியானவர் கப்பலேறிக் கனடாவுக்குப் போய்விட்டால் பாசி அறுக்க ஆளிராது என்று அஞ்சிய நிலப்பிரபுக்களின் தூண்டுதலுக்கு 1803ஆம் ஆண்டின் பயணிகள் கப்பற் சட்டத்தில் பெரும் பங்கு உண்டு. பயணிகளின் நலன் காப்பது என்ற பெயரில் அது கப்பற் கட்டணத்தை உயர்த்திற்று. போர் முடிந்து 1820களில் இறக்குமதித் தீர்வை குறைந்ததும் விலை வீழ்ந்தது. அப்போது அதே பிரபுக்கள் அதே மக்களை நிலத்தைவிட்டு அகற்றிச் செம்மறியாட்டை நிரப்பினர். முன்பு போகவிடாது தடுக்கப்பட்டோர் இப்போது துரத்தப்பட்டனர்.

இத்தொழிலின் எச்சத்தினூடே வந்தவர் இரசாயனரான எட்வேர்ட் ஸ்ரான்போர்ட். பாசியை எரிப்பது விரயம் என்பது அவர் கட்சி. எரியாமலே அதிலிருந்து பயன் பெறும் வழிகளைத் தேடிய அவர், 1881இல் பாசியின் கலச்சுவரிலிருந்து வழுவழுப்பான பொருளொன்றைப் பிரித்து 'ஆல்ஜின்' எனப் பெயரிட்டார். அதன் உப்பே ஆல்ஜினேற்று. இருபதாம் நூற்றாண்டில் அது ஐஸ்கிறீமைத் தடிப்பாக்கவும், பல் அச்செடுக்கவும், புண்ணுக்கு மருந்துத்துணியாகவும் பயன்பட்டது. எமக்கு இது தொலைவான செய்தியன்று. மன்னார் வளைகுடாவின் இராமநாதபுரக் கரையில் சார்காசம், டர்பினேரியா என்னும் பழுப்புப் பாசிகள் இத்தொழிலுக்காகவே சேகரிக்கப்பட்டு வந்துள்ளன. யாழ்ப்பாணத்துக் கரையோரத்தவர் சாதாளை என்று அள்ளித் தோட்டத்துக்கு உரமாக இடுகின்ற கடற்றாவரங்களும் அப்பாசிகளும் ஒரே கடலின் விளைவுகளே.

ஆல்ஜினேற்று இரண்டு வெல்ல அமிலங்களாலான நீண்ட சங்கிலி. ஒன்று மனுரோனிக் அமிலம், மற்றையது 1955இல் பிஷரும் டேர்பெலும் அதிற் கண்டுபிடித்த குலுரோனிக் அமிலம். குலுரோனிக் பகுதிகள் அடுத்தடுத்து வரும் இடங்களில் சங்கிலி நெளிந்து குழிகளை உண்டாக்கும். சோடியம் ஆல்ஜினேற்றுக் கரைசலில் ஒரு துளி கல்சியங் குளோரைட்டில் விழுந்தவுடன், கல்சியம் அயன்கள் அக்குழிகளிற் சென்று அமர்ந்து இரு சங்கிலிகளைப் பிணைக்கின்றன. முட்டைப் பெட்டியில் முட்டைகள் அமர்வது போல என்று 1973இல் பிரித்தானிய ஆய்வாளர் விளக்கினர். துளி உடனே கூழ் மணியாகிவிடும். வெப்பமோ நஞ்சோ கரைப்பானோ வேண்டியதில்லை. துளியினுள் கலம் இருந்தால் அதற்கு ஏதும் நேராது. இதனை முதலிற் கையாண்டோர் மருத்துவர் அல்லர் என்பதும் குறிப்பிடத்தக்கது. 1977இல் கியஸ்ரனும் பக்கும் நுண்ணுயிர்க் கலங்களை ஆல்ஜினேற்றுக் கூழில் அடைத்தனர். 1979இல் புரொடெலியசும் மொஸ்பாக்கும் அவர்தம் துணைவரும் எமது நித்தியகல்யாணி, நுணா ஆகிய செடிகளின் கலங்களை அவ்வாறு அடைத்து அவற்றின் இயற்கைப் பொருள்களைச் சுரக்கவைத்தனர். விலங்குக் கலத்துக்கு வழிகாட்டியது தொழிற்சாலையின் நொதிப்புத் தொட்டியே.

1980இல் 'சயன்ஸ்' சஞ்சிகையில் மூன்று பக்கக் கட்டுரையொன்று வெளிவந்தது. எழுதியோர் வேர்ஜீனியாவைச் சேர்ந்த பிராங்க்ளின் லிம், றொறன்ரோவைச் சேர்ந்த அந்தனி சன். எலியின் சிறுதீவுகளை ஆல்ஜினேற்று மணியினுள் அடைத்து, மேலே பொலிலைசின், அதன்மேல் இன்னொரு பல்பகுதியம் எனத் தோலிட்டு, உள்ளிருந்த கூழைச் சித்திரேற்றால் மீண்டும் நீர்மமாக்கினர். அவ்வுறைகள் வளர்ப்புத் தட்டில் 15 வாரங்களுக்கு மேல் தொழிற்பட்டன. நீரிழிவு உண்டாக்கப்பட்ட எலிகளில் ஒரேயொரு முறை இட்டபோது 2 முதல் 3 வாரம் வரை குருதி வெல்லம் சீராயிற்று. 1984இல் சன்னும் துணைவரும் வெளித்தோலையும் ஆல்ஜினேற்றாலேயே ஆக்கி இக்காலத்தை மேலும் நீட்டினர். 1996இல், தன்னியல்பாகவே நீரிழிவுற்ற ஒன்பது குரங்குகளுக்குப் பன்றியின் சிறுதீவுகளை உறையிட்டு வைத்தபோது ஏழு குரங்குகள் 120 நாள் முதல் 804 நாள் வரை இன்சுலின் இன்றி வாழ்ந்தன என்றும் சன் அறிவித்தார்.

சன் பணியாற்றிய கொனோட் ஆய்வுகூடத்தைப் பற்றியும் இவ்விடத்து ஒரு சொல். 1914இல் றொறன்ரோப் பல்கலைக்கழகத்தின் உள்ளே, ஏழைகளுக்கும் எட்டும் விலையில் தொண்டைக்கரப்பான் எதிர்மருந்தைச் செய்யவென நிறுவப்பட்ட பொதுநல ஆய்வுகூடம் அது. இன்சுலினை முதன்முதல் பெருமளவிற் செய்ய முயன்றதும் அங்கேதான். 1972இல் பல்கலைக்கழகம் அதை விற்றது. 1989இல் அது பிரெஞ்சு நிறுவனமொன்றின் கைக்குப் போயிற்று. இன்று அவ்வளவு சிறப்புற்ற அவ்விடம், உலக இன்சுலின் சந்தையின் மிகப் பெரும்பகுதியைத் தம் கையில் வைத்துள்ள மூன்று கம்பனிகளுள் ஒன்றான சனோபியின் உடைமை. ஒரு டொலருக்குக் கையளிக்கப்பட்ட காப்புரிமையின் கதையைச் சொல்வோர் பலர் இதைச் சொல்வதில்லை.

1980இன் பின்னர் ஏற்பட்ட உற்சாகம் அளப்பரியது. ஐந்து ஆண்டுகளில், பத்து ஆண்டுகளில் என்று தவணைகள் குறிக்கப்பட்டன. 1993இல் லொஸ் ஏஞ்செல்சில் பற்றிக் சூன்-ஷியோங், மனித சிறுதீவுகளை உறையிட்டு நோயாளி ஒருவருக்கு இட்டார். அவர் ஒன்பது மாதங்களில் ஊசியினின்று விடுபட்டதாக 1994இல் 'லான்செற்' சஞ்சிகையிற் செய்தி வந்தது. உலகப் பத்திரிகைகள் இதைக் கொண்டாடின. ஆனால் அந்நோயாளி முன்னரே மாற்றுச் சிறுநீரகம் பெற்று, நிர்ப்பீடன அடக்கி மருந்துகளை உட்கொண்டு வந்தவர். உறையின் பயனே அம்மருந்துகளை ஒழிப்பது என்றால், அவை இருக்கும்போது உறை எதனை நிரூபித்தது என்ற வினா எஞ்சி நின்றது. 2006இல் இத்தாலியின் பெரூஜியாவில் கலபியோரேயின் குழுவினர் அம்மருந்துகள் இன்றியே சில நோயாளருக்கு இட்டனர். இன்சுலின் தேவை குறைந்தது, நிரந்தரமாக ஒழியவில்லை. 2009இல் சிட்னியைச் சேர்ந்த பேணாட் ரூச்சின் குழு, இட்ட உறைகளைப் பின்னர் எடுத்து நோக்கியபோது அவை நார் இழையத்தாற் சூழப்பட்டு உள்ளே கலங்கள் மடிந்திருக்கக் கண்டது. தம் தோல்வியை ஒளிக்காது எழுதிய அக்கட்டுரையை, வெற்றியறிவிப்புகள் பலவற்றிலும் மேலானதாக நாம் மதிக்கின்றோம்.

என்ன நேர்ந்தது? இங்கேதான் கருத்தினுள் இருந்த பிழையை ஆராய வேண்டியுள்ளது. உறையை அனைவரும் சுவர் என்றே எண்ணினர். சுவருக்குத் துளை எவ்வளவு பெரிதாக இருக்கலாம் என்பதே முதன்மைக் கேள்வியாயிற்று. இன்சுலினின் மூலக்கூற்று நிறை ஏறத்தாழ 5,800. பிறபொருளெதிரியின் நிறை ஏறத்தாழ 150,000. இடையில் ஓர் எல்லையை வரைந்தால் போதும் எனத் தோன்றிற்று. இவ்வெண்ணம் மூன்று இடங்களில் இடறிற்று.

முதலாவது, சுவரே அந்நியப் பொருள். உடல் அதனுள் இருப்பதைக் காணாவிடினும் சுவரைக் காண்கின்றது. விழுங்கு கலங்கள் அதைச் சூழ்ந்து ஒட்டுகின்றன. விழுங்க முடியாதபோது நாரிழையத்தாற் போர்த்துவிடுகின்றன. பொலிலைசின் தோல் இதனைத் தூண்டிற்று. பாசியிலிருந்து வந்த ஆல்ஜினேற்றும் தூயதன்று. புரதங்களும் பற்றீரிய நச்சும் அதில் இருந்தன. மனுரோனிக் அமிலம் மிகுந்த ஆல்ஜினேற்று வெண்கலங்களைக் கிளறுகின்றது என்று 1991இல் நோர்வேயின் துரொன்ட்கெய்ம் ஆய்வாளர் காட்டினர். வேறு சிலர் குலுரோனிக் மிகுந்ததையே குறை கூறினர். பல ஆண்டுகள் நீடித்த இவ்விவாதத்துக்கு ஒரு காரணம், ஒருவர் கையாண்ட பொருளும் மற்றவர் கையாண்ட பொருளும் பெயரளவிலேயே ஒன்றாயிருந்தமை. எக்கடலின் பாசி, எப்பகுதி, எவ்வாறு தூய்தாக்கப்பட்டது என்ற விவரங்கள் பெரும்பாலும் எழுதப்படவில்லை. கம்பனிகள் வந்தபின் அவை வியாபார இரகசியங்களாயின. சன்னின் குரங்குகளிற் பெற்ற வெற்றியைப் பிறரால் எளிதில் மீளப்பெற முடியாமற் போனதை இப்பின்னணியில் வைத்தே விளங்கிக்கொள்ளலாம்.

இரண்டாவது, பெரியவற்றை மறிக்கும் சுவர் சிறியவற்றை மறிக்காது. நிர்ப்பீடனக் கலங்கள் சினமுற்று வெளியிடும் இன்ரலூக்கின்-1 என்னும் புரதத்தின் நிறை 17,000 அளவினதே. நைத்திரிக் ஒட்சைட்டு அதனிலும் மிகச் சிறிது. இவை சவ்வினூடே புகுந்து சிறுதீவைக் கொல்ல வல்லன. முற்றுகையிடும் படை கோட்டையினுள் நுழையாமலே உள்ளிருப்போரைக் கொல்வது போன்றது இது.

மூன்றாவது, மூச்சு. நாம் ஒரு சிறு கணக்கைச் செய்து பார்க்கலாம். வளர்ந்தவர் ஒருவருக்கு ஏறத்தாழ 8 இலட்சம் சிறுதீவுகள் வேண்டும் எனக் கொள்வோம். ஒரு சிறுதீவின் விட்டம் 0.15 மில்லிமீற்றர் அளவாயின், அவை அனைத்தும் சேர்ந்து ஒன்றரை மில்லிலீற்றரைக்கூட நிரப்பா. ஒவ்வொன்றையும் 0.6 மில்லிமீற்றர் உறையில் அடைத்தால் கனவளவு 64 மடங்காகும். மொத்தம் ஏறத்தாழ 90 மில்லிலீற்றர். இதனை ஈரலின் குருதிக்குழாயிற் செலுத்த முடியாது. வயிற்றறையிலேயே கொட்ட வேண்டும். அங்கோ ஒட்சிசன் குறைவு. சதையியில் இருக்கும்போது சிறுதீவு குருதிமயிர்க்குழாய்களாற் பின்னப்பட்டு மிகுதியாக ஒட்சிசனைப் பெறுகின்றது. உறையினுள் குருதிக்குழாய் நுழையாது. குருதிக்குழாயிலிருந்து 0.2 மில்லிமீற்றருக்கு அப்பால் இருக்கும் கலம் பிழைப்பது அரிது என்பது கலவியலின் பாலபாடம். காக்கும் சுவரே மூச்சை அடைக்கும் சுவராகவும் இருந்தது. இம்முரண்பாட்டை 1980களின் உற்சாகம் காணவில்லை. கண்டவர் குரலுக்குச் செவி கிடைக்கவில்லை. 2013இல் டிரெஸ்டனில் ஒரு நோயாளிக்கு, வெளியிலிருந்து நாள்தோறும் ஒட்சிசன் நிரப்பும் கூடொன்றில் சிறுதீவுகளை வைத்துப் பத்து மாதம் காத்தனர். நாள்தோறும் இன்சுலின் ஊசி குத்துவதற்குப் பதிலாக நாள்தோறும் ஒட்சிசன் ஊசி குத்தும் நிலை அது. கேலிக்காக நாம் இதைக் கூறவில்லை. இடர்ப்பாடு எங்கே உள்ளது என்பதை அவ்வாய்வே மிக நேர்மையாகக் காட்டிற்று.

கலம் எங்கிருந்து வருவது என்பதும் ஒரு வினா. 2000ஆம் ஆண்டில் கனடாவின் எட்மன்ரனில் ஷபீரோவின் குழுவினர் உறையின்றியே, மருந்துகளின் துணையோடு, ஏழு நோயாளருக்குச் சிறுதீவுகளை இட்டு ஊசியினின்று விடுவித்தனர். ஒவ்வொருவருக்கும் ஒன்றுக்கு மேற்பட்ட இறந்தோரின் சதையிகள் வேண்டியிருந்தன. இவ்வழியால் இலட்சக்கணக்கானோருக்கு வைத்தியம் செய்வது நடவாத காரியம். பன்றியை நாடியோர் பலர். நியூசிலாந்தில் 1996இல் உறையிட்ட பன்றிச் சிறுதீவுகளைப் பெற்ற ஒருவரின் இன்சுலின் தேவை 30 வீதம் வரை குறைந்தது. ஒன்பதரை ஆண்டுகளின் பின் எடுத்து நோக்கியபோது சில உறைகளில் உயிர்க்கலங்கள் இன்னும் இருந்தன. 1997இல் இலண்டனில் றொபின் வைசின் குழுவினர், பன்றியின் மரபுப்பொருளிலேயே உறையும் வைரசொன்று மனிதக் கலங்களைத் தொற்றக்கூடும் எனக் காட்டியதும் இத்துறை திகைத்து நின்றது. ஒருவருக்குச் செய்யும் சிகிச்சையின் அபாயம் சமுதாயம் முழுவதையும் சேரக்கூடும் என்பது இங்கு முதன்முறையாகத் தெளிவாக விவாதிக்கப்பட்டது. 2014இல் ஹாவாட்டின் டக்ளஸ் மெல்ற்றனின் குழுவும் வேறு குழுக்களும் மனித மூலக்கலங்களிலிருந்து இன்சுலின் சுரக்கும் கலங்களைச் செய்து காட்டியதோடு கலப் பஞ்சம் கொள்கையளவில் தீர்ந்தது.

இதற்கிடையே உறையிடல் வேறொரு திசையிலும் வளர்ந்தது. 1982இல் பென்யாவும் ஷபரும் செய்த சோதனை எளியதாயினும் ஆழமானது. கசியிழையக் கலங்களைத் தட்டையான தட்டில் வளர்த்தால் அவை பரந்து தம் இயல்பை இழந்துவிடும். அவற்றையே செம்பாசியிலிருந்து பெறும் அகரோசுக் கூழினுள் இட்டால் உருண்டு, மீண்டும் கசியிழையப் பொருளைச் சுரக்கத் தொடங்கும். கலத்தின் இயல்பு அதனுள்ளே மட்டும் எழுதிவைக்கப்பட்டதன்று. சூழலும் அதை நிர்ணயிக்கின்றது என்பதற்கு இதனினும் நேரடியான சான்று வேண்டுமோ! 1993இல் லாங்கரும் வக்கன்ரியும் 'இழையப் பொறியியல்' பற்றி எழுதிய கட்டுரையில், கலங்களை உடலினின்று பிரித்துவைக்கும் மூடிய முறை, உடலோடு சேரவிடும் திறந்த முறை என இரண்டை வகுத்தனர். மூடிய முறையில் கூழ் சுவர். திறந்த முறையில் அது சாரம். கட்டடம் எழுந்ததும் சாரம் நீங்கிவிட வேண்டும். 1999இல் மூனியின் ஆய்வுகூடத்தார், எதனோடும் ஒட்டாத ஆல்ஜினேற்றில் கலம் பற்றிக்கொள்ளும் சிறு புரதத் துண்டுகளைப் பிணைத்து, ஒதுக்கும் பொருளைச் சேர்க்கும் பொருளாக மாற்றினர். ஒரே பாசி இரு எதிரெதிர்த் தொழில்களைச் செய்யலாயிற்று.

மூடிய முறையினர் சுவரைத் திருத்த முயன்றனர். 2015இல் பொஸ்ரன் வட்டாரத்து ஆய்வாளர் விட்டம் 1.5 மில்லிமீற்றரான பெரிய மணிகளை உடல் குறைவாகவே போர்த்துகின்றது எனக் கண்டனர். 2016இல் இரசாயன முறையில் மாற்றிய ஆல்ஜினேற்றினுள் மனித மூலக்கலங்களிலிருந்து ஆக்கிய கலங்களை அடைத்து எலிகளில் 174 நாட்கள் குருதி வெல்லத்தைக் காத்தனர். மணி பெருத்தால் போர்வை குறையும், ஆனால் ஒட்சிசன் கடக்கும் தூரம் கூடும். ஒன்றைத் தீர்த்தால் மற்றது மோசமாகும் அம்முரண்பாடு இங்கும் விட்டுவைக்கவில்லை.

1990களிலிருந்து இவ்வாராய்ச்சியின் பெரும்பகுதி முதலீட்டாளரின் பணத்திலேயே நடைபெற்றது. அதனால் நன்மையே இல்லை என்பது எமது கட்சியன்று; மனிதரிற் செய்யும் சோதனைகளுக்குப் பெருந்தொகை வேண்டும், அரசுகள் அதைத் தரவில்லை. ஆனால் முதலீடு எதைத் தெரிவு செய்கின்றது என்பதைக் காண வேண்டும். 1996இல் லொசானில் பற்றிக் ஏபிஷர், நரம்புக் கலங்கள் சிதையும் கொடிய நோயுற்ற அறுவருக்கு, மரபுமாற்றிய கலங்களைக் குழலினுள் அடைத்து முள்ளந்தண்டு நீரில் வைத்தார். அவ்வழியில் வந்த தொழில்நுட்பமே இறுதியிற் கரையேறிற்று. 2025 மார்ச்சில் ஐக்கிய அமெரிக்க அதிகாரசபை, கண்விழியினுள் வைக்கும் 6 மில்லிமீற்றர் நீளமான உறையொன்றை விழித்திரையின் அரிய நோயொன்றுக்கு அங்கீகரித்தது. கண் சிறியது, வேண்டிய கலம் சிறிது, உடலின் தாக்குதலும் அங்கு மந்தம். சுவர் வெல்லக்கூடிய இடம் அது.

சதையிக்கோ வேறு விதமாயிற்று. வயசைற் என்னும் கலிபோர்னியக் கம்பனி 2014இல் முற்றிலும் மூடிய கூடொன்றை நீரிழிவு நோயாளருக்கு வைக்கத் தொடங்கியது; நாரிழையம் போர்த்து, கலங்கள் மிகக் குறைவாகவே பிழைத்தன. 2017இல் அதே கம்பனி கூட்டின் சவ்வில் துளைகளை இட்டுக் குருதிக்குழாய் உள்ளே வளரவிட்டது. கலங்கள் பிழைத்தன. துளை வழியே நிர்ப்பீடனமும் வருமாதலால் அடக்கி மருந்துகளும் கூடவே திரும்பி வந்தன. 2022இல் அக்கம்பனியை வாங்கிய வேர்ட்டெக்ஸ், தன் சொந்த மூடிய கூட்டின் சோதனையை 2025 மார்ச்சில், கண்ணுக்கான உறை அங்கீகாரம் பெற்ற அதே மாதத்தில், போதிய இன்சுலின் சுரக்கவில்லை எனக் கூறி நிறுத்தியது. அதே நிறுவனம் உறையேயின்றி ஈரலினுட் செலுத்திய மூலக்கலச் சிறுதீவுகளைப் பெற்ற பன்னிருவருள் பதின்மர், ஓராண்டின் பின் இன்சுலின் ஊசியின்றி இருந்தனர் என்று 2025 ஜூனில் அறிவிக்கப்பட்டது. அவர்கள் பன்னிருவரும் நிர்ப்பீடன அடக்கி மருந்துகளின் துணையோடேயே அக்கலங்களைக் காத்து வந்தனர்.